உட்கார வைத்தவள்

அவள் பெயரை எழுத மாட்டேன். எழுதினால் மாரண்டஹள்ளியில் எங்கள் தெருவில் பாதிப்பேர் என்னிடம் சண்டைக்கு வருவார்கள். அவர்களுக்கு இன்றைக்கும் அவள் தெய்வம். எனக்கு அவளை நினைத்தால் வாயில் எச்சில் ஊறும், துப்புவதற்கு.

எங்கள் வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். நான் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் காய்கறிக் கடை போட்டிருக்கிறேன். வீட்டுக்காரர் ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை, ஞாயிற்றுக்கிழமைதான் வருவார். நேரில் அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டேன். எழுதும்போது அந்த மரியாதை வரவில்லை.

அவளுக்கு ஒரே வேலைதான். யார் வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்று தெரிந்துகொள்வது. மெடிக்கல் ஷாப் வாசலில் நின்று யார் யாருக்கு என்ன மாத்திரை வாங்குகிறார்கள் என்று பார்ப்பாள். தெரிந்ததும் குளித்து, வெளுத்த புடவை கட்டி, நெற்றி நிறையத் திருநீறு பூசி, பேக்கரியில் ஒரு ரொட்டி பாக்கெட் வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவாள். கல்யாணத்துக்குக்கூட அவள் அவ்வளவு சீக்கிரம் கிளம்பி நான் பார்த்ததில்லை.

போனதும் கட்டிலின் தலைமாட்டில் உட்காருவாள். கேட்காமலேயே கண்ணுக்குக் கீழே இழுத்துப் பார்ப்பாள். நாக்கை நீட்டச் சொல்வாள். பிள்ளைகளாக இருந்தால் சட்டைப் பொத்தானைக் கழற்றி நெஞ்சில் காதை வைத்துக் கேட்பாள். அவள் நர்ஸ் இல்லை. ஆஸ்பத்திரியில் தரை துடைத்தவள்கூட இல்லை. காதை எடுத்ததும் ஒரு பெருமூச்சு விடுவாள்.

"படபடன்னு அடிக்குதே கண்ணு. இருதயத்துல எறங்கிடுச்சாட்டம் இருக்குதே."

காய்ச்சலில் கிடக்கிற பிள்ளைக்கு நெஞ்சு வேகமாகத்தான் அடிக்கும். இது எனக்கும் தெரியும், அந்தப் பிள்ளையைப் பெற்றவளுக்கும் தெரியும். ஆனால் அவள் சொன்னதும் பெற்றவளுக்கு முகம் வெளுத்துவிடும். அந்த முகத்தைப் பார்ப்பதற்குத்தான் அவள் வந்ததே.

பிறகு கதை ஆரம்பிக்கும். அரூர்ப் பக்கம் ஒரு பையன், இதே மாதிரி காய்ச்சல்தான், நின்னுட்டுதுன்னு வெளையாட வுட்டாங்க. பாப்பிரெட்டிப்பட்டியில ஒரு பொண்ணு, குளிக்கப் போச்சு, தண்ணி மோந்த கை மோந்தபடியே. அவள் கதை ஒவ்வொன்றிலும் கடைசியில் ஒரு பிள்ளை செத்திருக்கும். சொல்லிக்கொண்டே தான் கொண்டுவந்த ரொட்டியைத் தானே பிரிப்பாள். "ஒரு வாய் டீ இருந்தாக் குடு" என்பாள். தோய்த்துத் தோய்த்துத் தின்பாள். அவள் எழுந்து போகும்போது பாக்கெட்டில் ஓரத்துண்டு மட்டும் மிச்சமிருக்கும்.

அவள் வாயில் எப்போதும் இருந்தது ஒரு சொல். "நிக்காத கண்ணு, மொதல்ல உக்காரு." காய்ச்சல் விட்டு எழுந்து தெருவில் ஓடுகிற பிள்ளையை வழியில் மடக்கித் தோளைப் பிடித்து அழுத்துவாள். சைக்கிள் கேரியர், அடிபம்பு மேடை, அவள் மடி, எதிலாவது உட்கார வைத்துவிட்டுத்தான் கையை எடுப்பாள். அவள் தெருமுனையில் திரும்பினால் பிள்ளைகள் சந்துக்குள் ஓடிவிடும். எங்கள் தெருவில் புத்தியுள்ளவர்கள் அந்தப் பிள்ளைகள் மட்டும்தான்.

அவளுக்கு ஒரு மகன் இருந்தான். முப்பது வயது தாண்டியவன். வாசலில் நீல நிறப் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றில் காலையில் உட்கார்ந்தால் ராத்திரி படுக்கத்தான் எழுந்திருப்பான். வெயில் படாத வெளுப்பு, ஊதிய உடம்பு, கையில் போன். மூன்று வேளையும் அவளே சோற்றைப் பிசைந்து தட்டை அவன் மடியில் வைப்பாள். எழுந்திருக்கும்போது இடது உள்ளங்கையை நெஞ்சில் வைத்துக்கொண்டுதான் எழுந்திருப்பான். "ஹார்ட்டு வீக்குங்க" என்று அவள் எல்லாரிடமும் சொல்வாள். நானும் நம்பினேன். பாவம் என்று அவனுக்குக் கொய்யாப்பழம்கூடக் கொடுத்திருக்கிறேன்.

என் மகள் கனி அப்போது ஆறாவது படித்தாள். கோ-கோ ஆடுவாள். அந்த ஆட்டத்தில் வரிசையாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருப்பார்கள். ஓடி வருகிறவள் முதுகில் தட்டி "கோ" என்றால் தட்டு வாங்கியவள் அந்த நொடியே எழுந்து துரத்த வேண்டும். கனி உட்கார்ந்திருக்கும்போதே பாதி ஓடிக்கொண்டுதான் இருப்பாள். தட்டுகிற கை முதுகில் படுமுன் ஆள் அங்கே இருக்க மாட்டாள்.

அந்த வருஷம் மழைக்காலத்தில் ஊரெல்லாம் காய்ச்சல். கனிக்கும் வந்தது. அந்தம்மாவும் ரொட்டியோடு வந்தாள், காதை வைத்தாள், இருதயத்துல எறங்கிடுச்சு என்றாள். நான் காதில் வாங்கவில்லை. காய்ச்சல் விட்டது, பிள்ளை சோறு தின்றாள், பள்ளிக்கூடம் போனாள், ஆட்டத்துக்கும் போனாள். சில நாளில் நெஞ்சு வலிக்கிறது என்றாள். படுத்திருக்கும்போதே மூச்சு வாங்கியது. அன்றைக்கே தூக்கிக்கொண்டு தர்மபுரிக்கு ஓடினேன்.

அங்கே ஒரு சின்ன வயது டாக்டரம்மா. எல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டு என்னை உட்கார வைத்துச் சொன்னார்.

"காய்ச்சலக் குடுத்த கிருமி இருதயத்தோட தசையக் கொஞ்சம் வீங்க வெச்சிருக்குதும்மா. எல்லாக் கொழந்தைக்கும் இப்படி வராது. இவளுக்கு வந்திருக்குது. மருந்து குடுக்கறேன், சரியாயிரும். ஆனா ஆறு மாசம் ஓட்டம், ஆட்டம், சைக்கிள் எதுவும் கூடாது. அப்புறம் டெஸ்ட் பண்ணிட்டு நானே சொல்றேன்."

வார்டில் படுக்க வைத்தார்கள். அந்தம்மா தினமும் பஸ் ஏறி வந்தாள். என் பிள்ளையைப் பார்த்து முடித்ததும், புடவைக் கடையில் புடவை பார்க்கிற மாதிரி கட்டில் கட்டிலாகப் பார்த்துக்கொண்டே போனாள். "இதுக்கு என்னாங்க? எத்தினி நாளாச்சு? அய்யோ, மூஞ்சியே சரியில்லையே." நர்ஸ் துரத்தினால் வராந்தாவில் போய் நிற்பாள். நர்ஸ் திரும்பினால் உள்ளே வந்துவிடுவாள். அவளுக்குக் கண்ணெல்லாம் ஒரு வெளிச்சம். ஊருக்குத் திரும்பியதும் குழாயடியில் சொன்னாளாம்: "நான் அன்னைக்கே சொன்னேன், இருதயம்னு. யாரு கேட்டாங்க?"

தெருவில் உள்ள எல்லாப் பிள்ளைக்கும் அதையேதான் சொன்னாள். ஒன்று பலித்தது. அது என் பிள்ளை. அன்றிலிருந்து தெருவில் அவள் டாக்டருக்கு மேலே போய்விட்டாள்.

அந்த ஆறு மாதமும் டாக்டரம்மா சொன்னதை அப்படியே செய்தேன். பிள்ளையைப் பஸ்ஸில்தான் அனுப்பினேன். புத்தகப் பையை நானே சுமந்தேன். கனி அழுதாள், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்தாள், நான் விடவில்லை. ஓய்வு வேண்டாம் என்று நான் என்றைக்கும் சொன்னதில்லை. தேவைப்பட்டபோது கொடுத்தேன்.

ஆறு மாதம் முடிந்து போனோம். ஸ்கேன் எடுத்தார்கள், நெஞ்சில் ஒயர் ஒட்டி ஓடுகிற மெஷினில் நடக்க வைத்தார்கள். டாக்டரம்மா கனியின் கன்னத்தைத் தட்டினார்.

"இருதயம் நல்லாயிருச்சு. ஆனா மூச்சு வாங்குது பாத்தீங்களா, அது இருதயத்தால இல்ல. ஆறு மாசம் சும்மா இருந்த ஒடம்பு. யாரா இருந்தாலும் வாங்கும். தெனம் கொஞ்சம் கொஞ்சமா நடக்க வைங்க. அப்புறம் மெதுவா ஓடட்டும். அதுக்கப்புறம் ஆட்டம். நெஞ்சு வலிச்சாலோ மயக்கம் வந்தாலோ ஒடனே நிறுத்திட்டுக் கூட்டிட்டு வாங்க. மத்தபடி பயந்துக்கிட்டு உக்கார வெச்சே வெச்சிங்கன்னா அது வேற வியாதி."

நான் பஸ்ஸில் அழுதேன். சந்தோஷத்தில் அழுவது எனக்குப் பழக்கமில்லாத வேலை.

அன்று சாயங்காலம் அவள் வந்தாள். ரொட்டி பாக்கெட் இருந்தது.

"டாக்டரம்மா ஓடலாம்னு சொல்லிட்டாங்கக்கா."

"யாரு, அந்தச் சின்னப் பொண்ணா? அதுக்கே இன்னும் கல்யாணம் ஆவல. அதுக்கு என்ன தெரியும், பெத்த வயித்தோட பாடு."

"கல்யாணத்துக்கும் மெஷினுக்கும் என்னக்கா சம்பந்தம்?"

"மெஷினு இன்னைக்கு நல்லாருக்குதுன்னு சொல்லும். நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா மெஷினா வந்து பதில் சொல்லும்?" கனியின் பக்கம் திரும்பினாள். "கண்ணு, படி ஏறுனா மூச்சு வாங்குதா?"

"வாங்குது பெரியம்மா."

"பாத்தியா." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். உண்மையாகவே கண்ணீர் வந்தது. அவளுக்கு நினைத்தால் வரும். கனி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெரியவள் ஒருத்தி தனக்காக அழுகிறாள் என்றால் பதினோரு வயதுப் பிள்ளை என்ன நினைக்கும்? தான் சாகப் போகிறோம் என்றுதான் நினைக்கும்.

மறுநாள் கனி மாடிப்படியில் பாதியில் நின்றாள். இடது உள்ளங்கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு மெதுவாகத் திரும்பினாள். அது என் பிள்ளையின் அசைவு இல்லை. எங்கே பார்த்திருக்கிறேன் என்று யோசித்தேன். பக்கத்து வாசலைப் பார்த்ததும் தெரிந்தது. அங்கே அவன் நாற்காலியிலிருந்து எழுந்துகொண்டிருந்தான், அதே கை, அதே இடத்தில்.

நடக்கக் கூப்பிட்டால் கனி வரமாட்டேன் என்றாள். கால் வலிக்கிறது, தலை சுற்றுகிறது, நாளைக்குப் போகலாம். பள்ளிக்கூடத்திலாவது பழக்குவார்கள் என்று ஒருநாள் விளையாட்டு வகுப்பு நேரத்தில் போய்ப் பார்த்தேன். மற்றப் பிள்ளைகள் ஓடிக்கொண்டிருந்தார்கள். கனி புங்க மரத்தடியில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். காலைச் சுற்றி மற்றவர்களின் செருப்பும் தண்ணீர் பாட்டிலும். காவல் வேலை.

விளையாட்டு வாத்தியார் நல்லவர்தான். பயந்துபோயிருந்தார்.

"உங்க சொந்தக்காரங்க வந்து சொல்லிட்டுப் போனாங்களேம்மா, இருதயத்துல ஓட்டைன்னு. நாங்க நாற்காலி போட்டுப் பத்திரமாத்தான் பாத்துக்கறோம்."

"அவ எங்க சொந்தக்காரி இல்ல சார். ஓட்டையும் இல்ல. டாக்டர் ஓடலாம்னு சொல்லிட்டாங்க."

"சொல்லியிருப்பாங்க. இங்க ஒண்ணு ஆச்சுன்னா யாரு தலை உருளும்? ஒரு வருஷம் போவட்டும்மா."

டாக்டரம்மா கைப்பட எழுதிக் கொடுத்ததைக் காட்டினேன். படித்தார், தலையாட்டினார், அடுத்த வாரமும் கனி மரத்தடியில்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வருவதற்கு முன்பே வீட்டுக்காரர் போனில் கத்தினார்.

"புள்ளைய ஓட வுட்டுச் சாவடிக்கப் பாக்கறியாமே? அக்கா போன் பண்ணுச்சு."

"எந்த அக்கா? உங்கூடப் பொறந்தவங்க ஒருத்தியும் ஆறு மாசமா போன் பண்ணலியே."

"பக்கத்து வூட்டு அக்கா. எவ்வளவு அழுதுது தெரியுமா?"

"மெஷின்ல நடக்க வெச்சாங்களே, அன்னைக்கு நீ வந்தியா?"

"லீவு கெடைக்கல."

"அப்பப் பேசாத."

"பொம்பளப் புள்ளடி. நாளைக்கு ஒருத்தன் வூட்டுக்குப் போவணும். இப்பவே ஊரெல்லாம் ஹார்ட்டு ஹார்ட்டுன்னு பேசுது."

"பேச வெச்சவ போனத்தான் நீ எடுத்துப் பேசியிருக்கற" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

இதற்குள் ஒருநாள் மத்தியானம். நான் சாப்பிட வீட்டுக்கு வந்திருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அவன் குரல்.

"யக்கா, கொஞ்சம் தண்ணி புடிச்சுக் குடுக்கறீங்களா? அம்மா பாலக்கோட்டுக்குப் போயிருக்குது. அங்க யாருக்கோ ஆபரேஷனாம்."

போய்ப் பார்த்தால் குழாய் அவன் நாற்காலிக்குப் பக்கத்திலேயே இருந்தது. எட்டினால் கை படும். சொம்பைப் பிடித்துக் கொடுத்துவிட்டுக் கேட்டேன்.

"கொழா இங்கதான இருக்குது?"

"குனிஞ்சு தூக்கக் கூடாதுங்க்கா. அம்மா சொல்லும்."

"ஒனக்கு ஒடம்புக்கு என்னதான்டா?"

அவன் சிரித்தான். ஊதிய கன்னத்துக்குள் ஒரு பள்ளிக்கூடப் பையன் தெரிந்தான். "ஆறாவது படிக்கறப்பக் காய்ச்சல் வந்துதுங்க்கா. டாக்டரு ஒரு மாசம் ஓடாதன்னாரு. அந்த ஒரு மாசம் இன்னும் முடியல."

"அப்புறம் யாரும் பாக்கலியா?"

"போன வருஷம் மாமா பெங்களூரு கூட்டிட்டுப் போனாரு. எல்லா டெஸ்ட்டும் எடுத்தாங்க. இருதயத்துல ஒண்ணுமே இல்ல, நடக்கச் சொல்லுங்கன்னாங்க. அந்த டாக்டரே சரியில்லைன்னு அம்மா சொல்லிருச்சு."

"ஒனக்குப் பொண்ணு குடுக்க ஆளு வந்தாங்களே, அது என்னாச்சு?"

"போண்டா குடுத்துட்டு அம்மாவே சொல்லிருச்சுங்க்கா, பையனுக்கு ஹார்ட்டு வீக்கு, வேலைக்கெல்லாம் அனுப்ப மாட்டோம்னு. அவங்க போண்டாவக்கூட முழுசாத் திங்கல."

"ஒண்ணுமில்லன்னு தெரியுதுல்ல. எந்திரிச்சுப் போடா. என்ன புடிச்சுக் கட்டியா வெச்சிருக்கா?"

அவன் சொம்பைப் பார்த்தான். "எந்திரிச்சா அம்மா அழுவுதுங்க்கா."

நான் வீட்டுக்கு வந்து தட்டில் போட்ட சோற்றைத் தின்ன முடியாமல் கொட்டினேன். ஊரில் நோய் தேடி அலைந்தவள் வீட்டுக்குள் ஒரு நோயைச் செய்து, நாற்காலியில் உட்கார வைத்து, மூன்று வேளை சோறு போட்டு வளர்த்திருக்கிறாள். ஒரு நாளும் ஓயாத பாசம் அது, பொய்யில்லை. அதுதான் எனக்கு இன்னும் அருவருப்பாக இருந்தது. பொய்ப் பாசமாக இருந்திருந்தால் அவன் என்றைக்கோ தப்பித்திருப்பான்.

சில நாள் கழித்துக் கனிக்கு வெறும் சளி. நான் கடையிலிருந்து வரும்போது அந்தம்மா உள்ளே உட்கார்ந்திருந்தாள். பிரித்த ரொட்டி பக்கத்தில். கனியின் நெஞ்சில் அவள் காது. கனி கண்ணை இறுக்க மூடிக்கொண்டு மூச்சை அடக்கிப் படுத்திருந்தாள், பிணம் மாதிரி.

"எந்திரிக்கா. எம்புள்ள நெஞ்சுல இருந்து காத எடு."

"ஒன் நல்லதுக்குத்தான சாமி..."

"ஒன் நல்லது ஒன் வூட்டு வாசல்ல உக்காந்துக்கிட்டு இருக்குது. அதப் பாத்துட்டேன்."

அவள் முகம் ஒரு கணம் சுருங்கியது. பிறகு உதடு நடுங்க ஆரம்பித்தது. அழுகை வருமுன் கையைப் பிடித்து வெளியே கொண்டுபோய் விட்டேன். ரொட்டியைத் தெருவில் வீசினேன். ஒரு நாய் கவ்விக்கொண்டு ஓடியது. அவள் ரொட்டியைத் தின்றுவிட்டு ஓடிய உயிர் அது ஒன்றுதான்.

தெருவே என்னைத் திட்டியது. வாய்க்கொழுப்பு என்றார்கள். ஆறுதல் சொல்ல வந்தவளை விரட்டியவள் என்றார்கள். குழாயடியில் என் குடத்தை நகர்த்தி வைத்தார்கள். "அந்தப் புள்ளைக்கு ஒண்ணு ஆவட்டும், அப்பத் தெரியும்" என்று என் காதுபடவே ஒருத்தி சொன்னாள். அவர்கள் அதற்காகக் காத்திருந்தார்கள். நல்லவர்கள்தான், கெட்டவர்கள் இல்லை. ஆனாலும் காத்திருந்தார்கள்.

மறுநாள் சாயங்காலம் வியாபாரம் நடக்கிற நேரத்தில் கடையைப் பக்கத்துக் கீரைக்காரம்மாவிடம் விட்டுவிட்டுக் கனியை ஏரிக்கரைக்கு இழுத்துக்கொண்டு போனேன். கொஞ்ச தூரத்திலேயே நின்றாள். கை நெஞ்சுக்குப் போனது.

"அம்மா, நான் செத்துப் போயிருவனா?"

"சாவ மாட்ட. வலிக்குதா? மயக்கமா?"

"இல்ல. படபடன்னு அடிக்குது."

அவள் கையை எடுத்து என் நெஞ்சில் வைத்தேன். நான் கடையில் உட்கார்ந்தே பெருத்தவள். அவளைவிட எனக்குத்தான் அதிகமாக மூச்சு வாங்கியது. "பாரு. எனக்கும் அடிக்குது. நடந்தா அடிக்கும். டாக்டரம்மா என்ன சொன்னாங்க? இது ஒடம்பு மறந்துபோனது. நடக்க நடக்க ஞாபகம் வரும்."

"உனக்கு ரொம்ப வேகமா அடிக்குதும்மா. நீ உக்காரு" என்றாள். சொல்லிவிட்டு அவளே சிரித்துவிட்டாள். பல மாதம் கழித்து அன்றைக்குத்தான் சிரித்தாள்.

ஒரு கரண்டு கம்பத்திலிருந்து அடுத்த கம்பம். அவ்வளவுதான் முதலில். பிறகு அதற்கடுத்தது. வலி வரவில்லை, மயக்கம் வரவில்லை. மாதம் போகப் போக மதகு வரைக்கும் நிற்காமல் நடந்தாள். டாக்டரம்மாவிடம் கூட்டிப்போய்க் காட்டினேன், இனி மெதுவாக ஓடட்டும் என்றார். கனி ஓடும்போது நான் பின்னால் மூச்சிரைத்துக்கொண்டு நடப்பேன். கை நெஞ்சுக்குப் போவது குறைந்தது. முழுக்க விடவில்லை. புதிதாக ஏதாவது செய்யும்போது தானாகப் போய்விடும்.

ஒருநாள் ஏரிக்கரையில் அவன் நின்றுகொண்டிருந்தான். லுங்கி, பள்ளிக்கூடப் பையன் போடுகிற மாதிரி வெள்ளைக் கான்வாஸ் ஷூ.

"அம்மா காரிமங்கலத்துக்குப் போயிருக்குதுங்க்கா. யாருக்கோ பக்கவாதம்."

"அவங்களுக்குக் கஷ்டம், ஒனக்கு லீவு. வா, மெதுவா நட. ஒரே நாள்ல மதகத் தொட்டரணும்னு நெனைக்காத."

பிறகு அவள் ரொட்டியோடு வெளியூர் போகிற நாளெல்லாம் அவன் வந்தான். ஆள் நடக்கிறானோ இல்லையோ, பேச்சு ஓடியது. ஆறாவதில் தான் எப்படிப் பந்து போடுவான், எவன் ஸ்டம்பைப் பெயர்த்தான், எல்லாம் சொன்னான். வெளுத்த முகத்தில் ரத்தம் ஏறியது. கனி அவனைக் கேலி செய்வாள்: "அண்ணா, உன்ன ஆமை முந்திட்டுப் போவுது பாரு." "ஆமைக்கு அம்மா இல்ல பாப்பா" என்பான். நான் சிரித்ததில்லை.

ஒருநாள் அவன் கரைக்கு வந்திருந்தான், ஆனால் அந்தம்மா எங்கேயும் போகவில்லை. போவதாகச் சொல்லிவிட்டுப் பாதி வழியில் திரும்பியிருக்கிறாள், யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

கரையின் அந்தக் கோடியில் நீலமாக ஏதோ வந்தது. முதலில் எனக்குப் புரியவில்லை. அவள்தான். தலைமேல் அந்த நாற்காலி. அறுபது தாண்டியவள், மேடும் பள்ளமுமான ஏரிக்கரையில், தலையில் நாற்காலியோடு ஓடி வந்தாள். பக்கத்தில் வந்து நின்றபோது அவளுக்கு மூச்சு வாங்கவில்லை. ஊரில் எல்லாருடைய இருதயத்திலும் அவள் காதை வைத்திருக்கிறாள். அவளுடையதைப் போலக் கல்லாக ஒன்று கிடைத்திருக்காது.

திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. என்னைப் பார்க்கக்கூட இல்லை. நாற்காலியை இறக்கி, கால்கள் ஆடாமல் இருக்க ஒரு கல்லை அண்டை கொடுத்து, முந்தானையால் துடைத்தாள்.

"மொதல்ல உக்காரு சாமி."

அவன் என்னைப் பார்த்தான்.

"உக்காராத" என்றேன். "ஒனக்கு ஒண்ணுமில்ல. மதகு இதோ இருக்குது."

அவளுக்கு உதடு நடுங்க ஆரம்பித்தது. கண்ணீர் இன்னும் வரவில்லை, வரப்போகிறது என்று காட்டினாள், அவ்வளவுதான். அவன் கை மெதுவாக மேலே போய் நெஞ்சில் உட்கார்ந்தது. பிறகு அவன் உட்கார்ந்தான். அவள் அவன் முகத்து வேர்வையை ஒற்றி எடுத்தாள். அவனுக்கு உழைத்து வந்த வேர்வை அது. அதையும் அவள் துடைத்துவிட்டாள். அவள் முகத்தில் அப்போது இருந்த நிம்மதியை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

இதெல்லாம் தெரியாமல் கனி மதகுவரை ஓடிவிட்டுத் திரும்பி வந்துகொண்டிருந்தாள். நாற்காலியைப் பார்த்ததும் நின்றாள். அந்தம்மா அவளைப் பார்த்துக் கையை நீட்டினாள்.

"நீயும் வா கண்ணு. அய்யோ, எப்படி எரைக்குது பாரு. வா, அண்ணன் பக்கத்துல உக்காரு."

கனியின் கை எழுந்தது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். வயிற்றைத் தாண்டியது, நெஞ்சுக்குப் பக்கத்தில் வந்தது. இதில் நான் சொல்லி அவள் கேட்டு ஒரு பிரயோசனமும் இல்லை.

கை நெஞ்சைத் தொடவில்லை. கனி சட்டென்று ஓடினாள். நாற்காலியைச் சுற்றிப் பின்னால் வந்து அவன் முதுகில் ஓங்கி ஒரு தட்டு.

"கோ."

அவன் குதிகால் இரண்டும் உயர்ந்தன. முழங்கால் பாதி நிமிர்ந்தது. உடம்பு நாற்காலியை விட்டு எழும்பியது. வாயெல்லாம் சிரிப்பு. அவள் அவன் தோளில் கையை வைத்தாள். அழுத்தக்கூட இல்லை, வைத்தாள்.

அவன் உட்கார்ந்துவிட்டான்.

தட்டு வாங்கியவள் எழுந்திருக்காவிட்டால் ஆட்டத்தில் எப்படிப் பார்ப்பார்களோ, அப்படி ஒரு பார்வை அவனைப் பார்த்தாள் கனி. பிறகு திரும்பி அவளே ஓடினாள். மதகு தாண்டியும் அவள் நிற்கவில்லை. நான் நிற்கச் சொல்லவும் இல்லை.